குடியாத நாளில் விழுந்த அடி

யாழ்ப்பாணத்துக் குருநகரில் சந்துபோல ஒடுங்கின அந்த ஒழுங்கைக்குள் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கனிசியஸ் தங்கமான பிள்ளை, குடிதான் அவனைக் கெடுக்கிறது என்பார்கள். மீன் வெட்டுகிறவள் சொல்வாள், வலை பொத்துகிறவன் சொல்வான், கோயில் முற்றம் கூட்டுகிறவரும் சொல்வார். அவன் பெண்சாதி றெஜினாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கிய அன்றும் சொன்னாள். கடைவாய்ப் பல் விழுந்த அன்று வாயில் சீலைத் துணியை அடைத்துக்கொண்டும் அதையேதான் சொன்னாள். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு போத்தலின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டது. போத்தலுக்கு என்ன, வாய் இருக்கிறதே ஒழியப் பேச்சா இருக்கிறது?

றெஜினா யார் என்று சொல்லிவிடுகிறேன். தகப்பன் யாகோப்பு கடலில் உழைத்த மனுசன். மகளைக் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் விட்டார், அவள் அங்கே இங்கிலீசைப் பிடித்த பிடியில் விடவே இல்லை. கொக்குவிலில் தண்டவாளத்தை அண்டிய ஒரு வளவுக்குள் தகரக் கூரை போட்ட ரியூசன் கொட்டில் இருக்கிறது. பின்னேரங்களில் அங்கே வளர்ந்த ஆட்களுக்கு இங்கிலீசு படிப்பிக்கிறவள் இவள்தான். கனடாவில் மாப்பிள்ளை காத்திருக்கிற பெண்கள், கப்பல் வேலைக்குப் போக நினைக்கிற குடும்பகாரர், விசா நேர்முகத்தில் ஏற்கெனவே ஒருமுறை முழி பிதுங்கினவர்கள், இப்படி ஒரு கூட்டம். ரயில் போகும்போது பாடம் நிற்கும். போன பிறகு விட்ட சொல்லிலிருந்தே பிடிப்பாள்.

அவள் பாடங்களில் பேர்போனது ‘ஒரு வீட்டுப் பிள்ளைகள்’ என்ற பாடம். இங்கிலீசில் சில சொற்கள் சோடி சோடியாக வந்து ஆளை மயக்கும். பெர்சனல், பெர்சனெல். மொரல், மொரால். லோக்கல், லோக்கால். எது எந்த இடத்துக்கு என்று பெரிய படிப்புப் படித்தவர்களே தடுமாறுவார்கள். றெஜினா சொல்லுவாள்: இதுகள் எல்லாம் பிரெஞ்சுக்காரன் வீட்டில் பிறந்ததுகள். ஒன்று முந்தி வந்து இங்கிலீசுக்காரன் வீட்டிலேயே வளர்ந்துவிட்டது, முதல் அசையை அழுத்தி வீட்டுப் பிள்ளைபோலக் கதைக்கும். மற்றது பிந்தி வந்தது, பிரெஞ்சு நடையை விடாமல் கடைசி அசையை அழுத்திக்கொண்டு நிற்கும்.

சொல்லிவிட்டு இரண்டு பேரை எழுப்பி அண்ணன் தம்பியாக நிறுத்துவாள். ஒருவர் பெர்சனல், மற்றவர் பெர்சனெல். “என்ரை சொந்தக் காரியம், என்ரை அந்தரங்கம், அதெல்லாம் என்ரை பங்கு” என்று ஒருவர் கத்த வேண்டும். “கந்தோரிலை வேலைக்கு நிக்கிற ஆக்கள் முழுக்க என்ரை பங்கு, அங்காலை போ” என்று மற்றவர் கத்த வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு இலக்கணம் விளங்காவிட்டாலும் காணிச் சண்டை விளங்கும். கொட்டில் அதிரச் சிரித்துச் சிரித்தே படித்தார்கள். மொரல் என்றால் நீதிநெறி, மொரால் என்றால் மனத்தெம்பு என்பதைக் கப்பல் வேலைக்குப் போக நின்ற ஐம்பது வயது மனுசன்கூட மறக்கவில்லை.

இந்தப் பாடத்துக்கு ஊற்றுக்கண் யார் தெரியுமா? கனிசியஸ். அவன் பிரான்சில், பரிஸ் நகரத்தில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்தவன். அகதிக் கேஸ் நிராகரிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவன் ஊரில், பெரிய றெஸ்ரோரண்டில் தலைமைச் சமையல்காரனாக இருந்தேன், அங்கே அதைச் ‘செஃப்’ என்பார்கள் என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் கோப்பை கழுவினான். அதில் என்ன குறைச்சல் என்று நாங்கள் கேட்கலாம், அவனுக்குக் குறைச்சலாக இருந்தது. ஊரில் மச்சானின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகும்போது அந்தக் குறைச்சல் இன்னும் எரிந்தது. ஆனால் பிரெஞ்சு மட்டும் நல்ல பிரெஞ்சு. காலைகளில், குடிவெறி முறிந்து தேத்தண்ணிக் கோப்பையோடு இருக்கும்போது றெஜினா ஒரு சொல்லைக் கேட்பாள். அவன் அதைப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டுவான். அந்த வீட்டில் சத்தம் போடாமல் இரண்டு பேர் கதைத்தது அந்த நேரம் மட்டுந்தான். அதற்காகவே அவள் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள், பாவம்.

பொழுதுபட்டால் கதை வேறு. குடித்துவிட்டு வந்து கண்ட இடத்தில் அடிப்பான். கை முகத்தில் விழும், சுவரில் விழும், சில நேரம் தன் தலையிலேயே விழும். அவள் குளறினால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். அது கனிசியஸின் தமக்கை அற்புதராணியின் வீடு. விதவை, வாட்டசாட்டமான மனுசி. “வெறியிலை நிக்கிறான், பிடியுங்கோடா” என்று ஒரு சத்தம் போட்டால் ஒழுங்கை ஆம்பிளைகள் ஓடிவந்து அவனை அமத்திப் பிடித்து, தலையில் தண்ணீர் வார்த்துக் கிடத்துவார்கள். றெஜினா அன்றிரவு தமக்கைக்காரியான அந்த மச்சாள் வீட்டுப் பாயில் படுப்பாள். விடிந்ததும் அவன் வந்து அழுவான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் அடி வாங்காதவன்.

ஒருநாள் அவன் எறிந்த செம்பு அவள் காதடியைப் பிளந்தது. அன்று அற்புதராணிக்கே பொறுக்கவில்லை. தம்பியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருத்தினாள். திருநாள் முடியும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மெழுகுதிரியில் கை வைத்து நேர்ந்தான். கடலுக்குப் போகிற சனம் வேறு எதையும் முறிக்கும், அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தியை முறிக்காது. நேர்ந்தவனுக்கு ஒருவரும் வார்த்துக் கொடுக்கவும் மாட்டார்கள். கூட்டாளிமார் அவனைக் கண்டால் போத்தலைச் சாரத்துக்குள் மறைத்தார்கள்.

கனிசியஸ் சொன்ன சொல்லைக் காத்தான். சொட்டும் தொடவில்லை. கன்னத்தில் சதை பிடித்தது, கண் வெளுத்தது, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தான். “பாத்தியே, குடியை விட்டால் அவன் வானத்திலிருந்து வந்த சம்மனசு” என்று அற்புதராணி ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். றெஜினாவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? பிடிக்க வேறு கொப்பு ஒன்றும் இருக்கவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் அவள் அவனை வகுப்புக்கு வரச் சொன்னாள். “நீங்கள் வந்து உந்தச் சொல்லுகளை உங்கடை வாயாலை சொல்லிக் காட்டுங்கோவன். நான் சொன்னால் பிரெஞ்சு பிரெஞ்சு மாதிரிக் கேக்காது.”

வந்தான். எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, கைமணிக்கூடு கட்டி, மாப்பிள்ளை மாதிரி வந்தான். பலகைக்கு முன்னால் நின்று சொல்லச் சொல்ல எல்லோரும் வாயைப் பார்த்தார்கள்.

“பிரெஞ்சிலை உது மறுவளம்” என்றான். “‘லா மொறால்’ எண்டால் நீதிநெறி, எழுதேக்கை கடைசியிலை ஒரு ‘e’ நிக்கும். ‘லு மொறால்’ எண்டால் மனத்தெம்பு, அதிலை ‘e’ இல்லை. இங்கிலீசுக்காரன் களவெடுத்துக்கொண்டு ஓடேக்கை அந்த ‘e’யை மற்றதிலை மாறிக் கட்டிப்போட்டான்.”

கொட்டில் சிரித்தது. றெஜினாவுக்கு நெஞ்சு நிறைந்தது. பெர்சனெல் வந்தது. பரிஸ் றெஸ்ரோரண்டுகளின் பின்கதவில் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், வேலையாட்களைத் தவிர ஒருவரும் அந்தக் கதவால் போக முடியாது என்று கனிசியஸ் விளக்கினான். முன்வரிசை வாங்கில் கொக்குவில் பெண் கஜானி இருந்தாள். பிரான்சில் உள்ள புருசனிடம் போக விசாவுக்குக் காத்திருக்கிறவள்.

“அண்ணை, நீங்கள் அங்கை என்ன வேலை செய்தனீங்கள்?” என்று கேட்டாள்.

“செஃப்” என்றான் கனிசியஸ்.

றெஜினா யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெம்பு வரட்டும் என்ற ஒரே நினைப்புத்தான். “முதல்லை எல்லாரும் கோப்பை கழுவித்தானே துவங்கிறது, கஜானி. இவரும் எத்தினை வருசம் உந்தப் பின்கதவாலை போய்க் கழுவினவர். வெக்கப்பட என்ன கிடக்கு?”

“என்ரை அவரும் அங்கை அதுதான் செய்யிறார், ரீச்சர்” என்றாள் கஜானி.

ஒருவரும் சிரிக்கவில்லை. கனிசியஸ் மட்டும் மெல்லச் சிரித்தான். வகுப்பு முடிய றெஜினாவின் ஸ்கூட்டியை அவனே ஓட்டினான். வழியில் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மரக்கறி ஏதும் வேணுமோ என்றும் கேட்டான்.

வீட்டுக்கு வந்தார்கள். வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. அவன் கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டான். கைமணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“உடுப்பை மாத்திப்போட்டு வா. நல்ல சீலை, பழுதாய்ப் போகும்” என்றான்.

அவள் அதைக் கரிசனை என்று எடுத்தாள். உள்ளே போய்ப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வந்த கையோடு முதல் குத்து விலாவில் இறங்கிற்று. மூச்சுப் போன இடம் தெரியவில்லை. குனிந்தவளின் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முதுகில் குத்தினான், தோள்மூட்டில் குத்தினான், தொடையில் முழங்காலால் இடித்தான். முகத்தைத் தொடவே இல்லை. வெறியில் அடிக்கும்போது தடுமாறுகிற கை இன்றைக்குத் தடுமாறவில்லை, சட்டைக்கு வெளியே ஓரிடமும் படாமல் பார்த்துப் பார்த்து அடித்தான்.

“ஊரெல்லாம் செஃப் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நீ என்ரை கோப்பைக் கதையை நாலு பேருக்கு முன்னாலை கொட்டிறியோ?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். வாயில் மணந்தது வெத்திலை மட்டுந்தான்.

கொளுக்கியைத் தட்டிவிட்டு றெஜினா ஓடினாள். மச்சாள் வீட்டுப் படியில் விழுந்தாள். அற்புதராணி வெளியே வந்து பார்த்தாள்.

“என்ன பிள்ளை, திரும்பக் குடிச்சிட்டானோ?”

“இல்லை மச்சாள். குடிக்கேல்லை.”

அற்புதராணி இவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “குடிக்கேல்லையோ? அப்ப நீ அவனுக்கு என்ன சொன்னனி?”

இந்தக் கேள்வி விலாக் குத்தைவிட மோசமாக நொந்தது. போத்தல் இருந்த மட்டும் குற்றம் போத்தலில். போத்தலை எடுத்து எறிந்ததும் குற்றம் நேரே இவளில் வந்து ஏறிக்கொண்டது. “அவன் நேர்த்தியோடை இருக்கிறவன். வாயைக் குடுத்து அவனைக் குழப்பாதை. போ, போய்ச் சமாதானமாய் இரு” என்று மச்சாள் அவளைத் திருப்பி அனுப்பினாள். நன்மை நினைத்துத்தான் அனுப்பினாள், அதுதான் எரிச்சல். ஒழுங்கையும் அதையே சொன்னது. குடியாத மனுசன் சும்மா அடிப்பானோ? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றாள் மீன் வெட்டுகிறவள், சட்டி யாருடையது என்று ஒருக்காலும் யோசிக்காமல்.

அதற்குப் பிறகு அடிக்கக் காரணம் தேவைப்படவில்லை. சோறு குழைந்தால் அடி. வகுப்பு முடிந்து பிந்தினால் அடி. ஒருநாள் அவள் ஒரு சொல்லைக் கேட்டாள் என்பதற்காகவே அடி, “கண்டறியாத இங்கிலீசு” என்று சொல்லிச் சொல்லி. குடித்த காலத்தில் அவன் சோர்ந்து விழும் நேரம் ஒன்று இருந்தது. இப்போது சோர்வும் இல்லை, காலையில் அழுகையும் இல்லை. வகுப்பில் அவள் கையை உயர்த்திப் பலகையில் எழுத முடியாமல் பாதியில் நிறுத்தினாள். அண்ணன் தம்பிச் சண்டைக்கு எழுப்பிய இருவர் கத்தத் தொடங்கியதும் சுவரோடு ஒதுங்கிவிட்டாள். பிறகு அந்தப் பாடத்தையே எடுக்கவில்லை. இவன் ஒருநாள் என்னைக் கொல்லுவான், கொன்றுவிட்டுக் கையைக் கழுவிப் பூசைக்குப் போவான், நான் குளறினாலும் ஒரு கதவும் திறக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சாகப் பயந்தாள். பயப்படாமல் யார் இருப்பார்?

திருநாளுக்குக் கொடி ஏறின கிழமை. மத்தியானம். அவள் வகுப்புக்கு வெளிக்கிட்டு நின்றாள். கனிசியஸ் ஸ்கூட்டியைக் கிளப்புகிற திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“இனிப் படிப்பிச்சுக் கிழிச்சது காணும். வீட்டிலை கிட.”

“ஆக்கள் காத்துக்கொண்டு நிப்பினம். தாங்கோ” என்று கையை நீட்டினாள்.

அவன் வீட்டின் பின்கோடிக்குப் போய் மண்வெட்டியிலிருந்து பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஆறுதலாகத் தட்டித் தட்டித்தான் கழற்றினான். அந்தத் தட்டும் சத்தத்தில் றெஜினாவுக்கு எல்லாம் விளங்கிற்று. ஒழுங்கைக்கு ஓடினாள். வாழ்நாளில் பொய் சொல்லி அறியாதவள் அடித்தொண்டையிலிருந்து குளறினாள்.

“குடிச்சிட்டார்! மச்சாள், இவர் நேர்த்தியை முறிச்சிட்டார், குடிச்சிட்டார்!”

திறந்தனவே கதவுகள்! அத்தனை நாளும் காது கேளாமல் கிடந்த ஒழுங்கை ஒரே மூச்சில் நிறைந்தது. வலை பொத்திக்கொண்டிருந்தவன் ஊசியோடு வந்தான். அற்புதராணி குசினியில் சமைத்த கையோடு வந்தாள். கனிசியஸ் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நேராக நின்றான். வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கம் இல்லை.

“ஆர் குடிச்சது? வந்து மணந்து பாருங்கோ” என்றான்.

அற்புதராணியே கிட்டப் போனாள். முகத்தோடு முகம் வைத்து மணந்தாள். திரும்பி வந்தாள். “இவன் குடிக்கேல்லை. ஏன் பொய் சொன்னனி? அந்தோனியாரின்ரை பேரிலையோ பொய் சொல்லுறாய்?” என்று றெஜினாவை உறுக்கினாள். சனம் முணுமுணுத்தது.

“ஓம், பொய்தான் சொன்னன்” என்றாள் றெஜினா. “குடிச்சிட்டார் எண்டு கத்தினால்தான் நீங்கள் வாறியள். சும்மா அடிக்கிறார் எண்டால் என்னிலையெல்லோ பிழை பிடிக்கிறியள். குடி அடிக்குது எண்டு நானும்தான் நம்பினன். குடி வேறை, அடி வேறை. இந்த மனுசன் குடிச்ச நாளிலையும் அடிக்கிற மனுசன்தான், குடியாத நாளிலையும் அடிக்கிற மனுசன்தான்.” அவ்வளவு பேருக்கும் முன்னால் சட்டையைப் பின்னுக்கு இழுத்து முதுகைத் திருப்பிக் காட்டினாள். கறுத்ததும் பச்சையும் மஞ்சளுமாக அந்த முதுகில் நல்ல தோல் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவன் பாய்ந்தான். அத்தனை கண்ணும் பார்த்துக்கொண்டு நிற்க, மண்வெட்டிப் பிடியால் ஓங்கி விட்டான். தடுத்த கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. ஒரு ஆம்பிளையும் அசையவில்லை. வெறிகாரனைப் பிடிக்கப் பழகின கைகள், வெறியில்லாதவனைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டு நின்றன. இரண்டாவது அடி அவள் தலைக்கு வந்தது.

அதை ஏந்தினது அற்புதராணியின் தோள். தள்ளாடினாள், விழவில்லை. தம்பியின் கையிலிருந்த பிடியை இரண்டு கையாலும் பறித்தாள். “குடியாமலோடா இந்த அடி அடிக்கிறாய்?” என்று கேட்டு, அவன் முழங்காலில் வைத்தாள் ஒன்று. அவன் மடிந்து விழுந்தான். விழுந்தவனின் முதுகில் இன்னும் இரண்டு, மூன்று வைத்தாள், அழுதுகொண்டே வைத்தாள். வெள்ளைச் சேட்டு கிழிந்து இரத்தம் ஊறிற்று. பிறகுதான் அவனைப் பிடிக்க ஆம்பிளைகளுக்குக் கை வந்தது.

ஆஸ்பத்திரியில் றெஜினாவின் கையை மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். தோளில் மருந்துப் பத்துப் போட்டுக்கொண்டு அற்புதராணி பக்கத்து வாங்கில் குந்தியிருந்தாள். ஒழுங்கைப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, தனியே கூப்பிட்டு, அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்சம் குடி பாவிச்சிருந்தவன் எண்டு சொல்லுங்கோ, தெரியாமல் செய்தது எண்டு கேஸ் லேசாய்ப் போகும், உங்கடை தம்பியெல்லோ. அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். தாய் சாகும்போது இவள் கையில்தான் அவனைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெண் பொலிஸ் ஒருத்தி வந்து நின்றாள். நல்ல பிள்ளைதான், ஆனால் இப்படி எத்தனை கேஸ் பார்த்திருப்பாள். கேட்கும்போதே பேனை எழுதத் தொடங்கிவிட்டது.

“வெறியிலைதானே அடிச்சவர்?”

றெஜினா, தான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று மச்சாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அற்புதராணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எழும்பி நின்றாள்.

“இல்லை, மிஸ்” என்றாள். “நான் கூடப்பிறந்தவள். மூக்கை வைச்சு மணந்து பாத்தனான். பச்சைத் தண்ணி குடிச்சிட்டுத்தான் அடிச்சவன். அப்பிடியே எழுதுங்கோ.”